நடுவட்டத்துச் சிவப்புப் பட்டை: நீலகிரி சிங்கோனா திட்டம் எங்கே சறுக்கியது?

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் பைக்காராவைத் தாண்டினால் நடுவட்டம். இன்றைக்கு அங்கே சரிவு முழுக்கத் தேயிலை. 1860-களில் சோலையை வெட்டி அதே சரிவில் நட்டது சிங்கோனா, பேச்சுவழக்கில் கொயினா மரம். முறைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, அன்றைய உலகம் நம்பியிருந்த குயினைன் என்ற மருந்து அதன் பட்டையில்தான் இருந்தது.

மரம் வளர்ந்ததா? அமோகமாக வளர்ந்தது. பட்டையில் மருந்து ஊறியதா? ஊறியது. அந்த மருந்து காய்ச்சலை நிறுத்தியதா? நிறுத்தியது என்று சென்னை மாகாணத்திலேயே நோயாளிகளை எண்ணிக் கணக்கெழுதி வைத்தார்கள். அப்படியிருந்தும் முப்பது ஆண்டுக்குள் உலகக் குயினைன் வியாபாரம் மொத்தமும் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாப் பக்கம் சாய்ந்துவிட்டது. மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வந்த ஒரு திட்டம் நான்காவதாக எதைக் கேட்க மறந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பட்டைக்குள் இருப்பவை

சிங்கோனாப் பட்டை என்றதும் குயினைன் மட்டும் நினைவுக்கு வரும். பட்டையில் முப்பதுக்கு அருகே ஆல்கலாய்டுகள், அதாவது செடியில் ஊறும் காரத்தன்மையுள்ள சத்துகள், உண்டு. அளவில் பெரியவை நான்கு: குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின். குயினைனும் குயினிடினும் ஒரே அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள், இடவமைப்பு மட்டும் வேறு. மற்ற இரண்டும் அதேபோல ஒரு ஜோடி. 1820-ல் பாரிஸில் பெல்லெட்டியேயும் கவாந்துவும் குயினைனைப் பிரித்தெடுத்த பிறகு, பட்டைத்தூளை ஒயினில் கலந்து குடித்த காலம் போய், எடை போட்டுக் கொடுக்கும் வெள்ளைப் படிகத்தின் காலம் வந்தது. பட்டையின் விலையும் அதில் எத்தனை சதவீதம் குயினைன் என்பதை வைத்தே பேசப்பட்டது. மற்ற மூன்றும் வியாபாரிக்குச் சக்கைபோல.

இந்த நான்கும் எந்த விகிதத்தில் சேரும் என்பதை முதலில் முடிவு செய்வது மரத்தின் வகைதான். மண், உயரம், மழை, வயது எல்லாம் அதற்குப் பிறகு.

வந்து சேர்ந்த மரம்

பெரு, பொலிவியா, ஈக்வடார் போன்ற ஆண்டிஸ் மலைநாடுகளின் காடுகளுக்குச் சொந்தமான மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு லண்டன் இந்திய அலுவலகத்துக் கிளெமென்ட்ஸ் மார்க்கமிடம் கொடுக்கப்பட்டது. 1860-ல் பெருவின் கரவாயாப் பகுதியில் அவர் சேகரித்தது குயினைன் மிகுந்த கலிசாயா வகை. கன்றுகளைப் பெட்டியில் அடைத்து, இங்கிலாந்து சுற்றி, செங்கடல் வெயிலில் கப்பலேற்றிக் கொண்டுவந்ததில் அவை பிழைக்கவில்லை. அதே சமயம் ஈக்வடாரில் சிம்போராசோ மலையடியில் தாவரவியலர் ரிச்சர்டு ஸ்ப்ரூஸும் தோட்டக்காரர் ராபர்ட் கிராஸும் சக்கிரூப்ரா வகையின் விதையையும் கன்றையும் திரட்டினார்கள். உரித்ததும் உள்பக்கம் சிவந்துபோவதால் இதற்குச் சிவப்புப் பட்டை என்று பெயர். 1861-ல் இவை ஊட்டிக்கு உயிரோடு வந்து சேர்ந்தன. நீலகிரி சிவப்புப் பட்டை மலையாக மாறியதற்கு முதல் காரணம் இந்தப் பயணத்தில் எது பிழைத்தது என்பதுதான். தேர்ந்தெடுத்தது பாதி, வாய்த்தது பாதி.

ஊட்டித் தாவரவியல் பூங்காவை 1848 முதல் கவனித்துவந்த வில்லியம் கிரஹாம் மக்ஐவர் இவற்றைப் பெருக்கினார். சிங்கோனா விதை இறகு வைத்த பொடி. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் நிற்கும். மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. பொடித்த இலைமட்கின் மேல் தூவி, மேலே நிழல் போட்டு, பூவாளியின் மெல்லிய தூறலில் நனைக்க வேண்டும். நீர் கூடினால் நாற்று தண்டடியில் அழுகிச் சாயும், குறைந்தால் ஒரே மதியத்தில் கருகும். சில மாதத்தில் விதையின் முளைப்புத்திறன் போய்விடும் என்பதால் கடல்கடந்து வந்த விதையைக் காக்க வைக்கவும் முடியாது. மக்ஐவர் கண்ணாடிக் கூடத்தில் போத்தாகவும் பதியமாகவும் வைத்துப் பெருக்கிய வேகம் அன்றைக்குப் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது, அது நியாயமும்கூட.

நடவும் உயரம் பார்த்தே நடந்தது. ஆறாயிரம் அடியை ஒட்டிய நடுவட்டத்தில் சிவப்புப் பட்டை. அதற்கு மேலே, உறைபனி விழும் தொட்டபெட்டாவில் அஃபிசினாலிஸ் வகை. இந்த அஃபிசினாலிஸ் பட்டையில் குயினைன் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் மரம் ஒல்லி, பட்டை மெலிசு, வளர்ச்சி மந்தம். சிவப்புப் பட்டையோ கிடுகிடுவென வளர்ந்து தடித்த பட்டை போடும். காடு வெட்டி நடுவதற்கு ஆள் போதாமல், மலாய்த் தீபகற்பத்துக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. விடுதலையான சிலர் அங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கியது தனிக் கதை.

பாசி கட்டும் வித்தை

தென்னமெரிக்காவில் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பட்டை எடுப்பார்கள். மரத்தைச் சாகவிடாமல் பட்டை எடுக்க மக்ஐவர் கண்டுபிடித்த முறை நீலகிரியின் சொந்தச் சரக்கு.

மரம் ஏழெட்டு வயதாகித் தண்டு தடித்ததும், ஒன்றரை அங்குல அகலத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு கீற வேண்டும். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கக்கூடாது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் நாடாவை நெம்பி, நீளவாக்கில் உரித்தெடுக்க வேண்டும். அடுத்த ஒன்றரை அங்குலத்தை விட்டுவிட்டு அதற்கடுத்ததை உரிக்க வேண்டும். தண்டைச் சுற்றிவந்தால் உரித்தது ஒன்று, உரிக்காதது ஒன்று என்று மாறி மாறி நிற்கும். உரித்த இடம் வழவழவென்று ஈரமாக இருக்கும். அந்த ஈரப்படலம்தான் புதுப் பட்டையைப் போடப்போவது. அதை விரலால் தொட்டாலோ கத்தி சுரண்டினாலோ அந்த இடத்தில் பட்டை திரும்ப வராது, கட்டை காய்ந்து வெடிக்கும். உரித்த கையோடு ஈரப்பாசியைத் தண்டு முழுக்கப் போர்த்தி நாரால் கட்டிவிட வேண்டும். ஓராண்டில் புதுப் பட்டை மூடிவிடும். அப்போது விட்டுவைத்த நாடாக்களை உரித்து மறுபடி பாசி கட்டலாம்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. பாசிக்கு அடியில் வந்த புதுப் பட்டையில் முதல் பட்டையைவிட ஆல்கலாய்டு அதிகமாக இருந்தது. வெளிச்சம் படாமல் இருந்ததே காரணம் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள்.

முறை அழகுதான், எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. மழை நாளில், பட்டை லேசாகக் கழலும் பருவத்தில் உரிக்க வேண்டும். வெயிலில் உரித்தால் பாசி கட்டுவதற்குள் ஈரப்படலம் உலர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான மரத்துக்குப் பாசி எங்கே போய்ப் பொறுக்குவது? பாசிக்குள் எறும்பு குடியேறினால் புதுப் பட்டை பாழ். சிக்கிம் மலைத் தோட்டங்களில் இது எடுபடாமல், மரத்தை அடியோடு வெட்டித் தூரிலிருந்து துளிர்க்கவிடும் முறைக்கே போனார்கள். வேரோடு பிடுங்கினால் ஆல்கலாய்டு செறிந்த வேர்ப்பட்டையும் கிடைக்கும், ஆனால் புதுக் கன்று வைத்துப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இந்த வித்தையால் நீலகிரிக்கு வந்த தீங்கு ஒன்று உண்டென்று சொல்லத் தோன்றுகிறது. ஆல்கலாய்டு கூடுகிறது என்ற மகிழ்ச்சியில், எந்த ஆல்கலாய்டு என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

ஜாவாவில் நடந்தது

டச்சுக்காரர்கள் நீலகிரியைவிட மோசமாகத் தொடங்கியவர்கள். ஜாவாவில் யுங்ஹூன் பொறுப்பில் பத்து லட்சத்துக்கும் மேல் பகுடியானா என்ற வகை நடப்பட்டது. பட்டையைச் சோதித்தால் குயினைன் பேருக்குத்தான் இருந்தது. இவ்வளவு நட்டாயிற்றே என்று பிடிவாதம் பிடிக்காமல் 1860-களிலேயே அந்த வகையைக் கைவிட்டார்கள்.

1865-ல் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி அனுப்பிய சிங்கோனா விதை லண்டனுக்கு வந்தது. பொலிவியாவில் அவருக்காக அதைச் சேகரித்தவர் மானுவல் இன்க்ரா மமானி. எந்த மரத்தின் பட்டை உயர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர், பின்னால் அந்த வேலைக்காகவே சிறையில் அடிபட்டு, வெளியே வந்த கொஞ்ச காலத்தில் இறந்தவர். பிரிட்டிஷ் அரசு விதையை வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பவுண்டு மட்டும் வாங்கியது. மீதி, இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் கைக்குப் போனது. ஆக, விதை இந்தியாவுக்கு வரவேயில்லை என்று சொல்ல முடியாது. வேறுபாடு அடுத்து நடந்ததில் இருக்கிறது.

ஜாவாவில் அந்த மரங்கள் பட்டை போட்டதும் 1870-களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். குயினைன் மட்டும் 8 முதல் 13 சதவீதம் வந்தது. அதன்பின் வேதியியலரான மூன்ஸ் பொறுப்பேற்று, சோதனையில் தேறிய மரத்தை மட்டும் தாய்மரமாக வைத்து, மற்றதை வெட்டினார். சிங்கோனா தன் மகரந்தத்தில் தானே காய்ப்பதில்லை. பக்கத்து மரத்து மகரந்தம் வேண்டும். பக்கத்தில் மட்டரக வகை நின்றால் விதையும் கலப்படம். எனவே லெட்ஜர் மரங்களைத் தனியே ஒதுக்கி நட்டார்கள். அந்த வகைக்கு வேர் பலம் குறைவு என்று தெரிந்ததும், அதன் ஒட்டைச் சிவப்புப் பட்டையின் வேர்க்கட்டையில் ஏற்றினார்கள். நடுவட்டம் பட்டைக்காக வளர்த்த மரத்தை ஜாவா வேருக்காக வளர்த்தது.

நீலகிரியில் வகைகள் அருகருகே நின்றன. சிவப்புப் பட்டையும் அஃபிசினாலிஸும் கலந்து ரோபஸ்டா என்ற கலப்பு மரம் தானாகவே முளைத்தது. அது உருப்படியான மரமே, ஆனால் அதன் சந்ததி எப்படி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கொப்பரைக்குள் தெரிந்த உண்மை

சிவப்புப் பட்டையில் மொத்த ஆல்கலாய்டு 5 முதல் 7 சதவீதம். குயினைன் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம், கணிசமான பங்கு சிங்கோனிடின். நூறு கிலோ பட்டையை அரைத்தால் ஒன்றரைக் கிலோ குயினைன் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத லெட்ஜர் பட்டை நூறு கிலோவில் எட்டுக் கிலோ. உரிக்கும் கூலி, சுமக்கும் கூலி, அரைக்கும் செலவு, காரம், எண்ணெய் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

பிரித்தெடுப்பது எப்படி என்பதற்கு, டார்ஜிலிங் மலையில் வங்காள அரசு நடத்திய மங்பூ ஆலையில் 1880-களின் கடைசியில் நடைமுறைக்கு வந்த அளவைப் பார்க்கலாம். மாவாக அரைத்த பட்டை 100 பங்கு, காஸ்டிக் சோடா 8 பங்கு, தண்ணீர் 500 பங்கு, எண்ணெய்க் கலவை 600 பங்கு. எண்ணெய்க் கலவை என்பது, சாராயம் வடிக்கையில் மிஞ்சும் ஃபியூசல் எண்ணெய் ஒரு பங்குக்கு நான்கு பங்கு மண்ணெண்ணெய். நான்கு மணி நேரம் விடாமல் கலக்க வேண்டும். காரம் ஆல்கலாய்டைப் பட்டையின் அமிலப் பிடியிலிருந்து விடுவிக்கும். விடுபட்டது எண்ணெயில் கரையும். தெளியவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை வடித்து, நீர்த்த அமிலத்தோடு குலுக்கினால் ஆல்கலாய்டு உப்பாக மாறி நீருக்குள் இறங்கிவிடும். எண்ணெயைத் திரும்பப் பட்டைக் கலவையிலேயே ஊற்றி மறுபடியும் கலக்கலாம்.

பட்டை கொரகொரப்பாக அரைபட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது. காரம் குறைந்தாலும் அப்படியே. அடித்துக் கலக்கினால் எண்ணெயும் நீரும் மோர்போலச் சேர்ந்துகொண்டு மணிக்கணக்கில் பிரியாது. இதற்கெல்லாம் முன்னால், பட்டையை உலர்த்துவதிலேயே பாதி வியாபாரம் போகும். மழைக்காலத்தில் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அவசரப்பட்டு நெருப்பருகே காயவைத்தால் ஆல்கலாய்டு சிதையும்.

இனித்தான் சிவப்புப் பட்டையின் சிக்கல். அமில நீரைச் சமன்செய்து, சுடவைத்து, ஆறவிட்டால் முதலில் படிவது குயினைன் சல்பேட். காரணம் எளிது: கொதிநீரில் நன்றாகக் கரைகிற அது, ஒரு பங்கு கரையக் குளிர்ந்த நீர் 800 பங்குக்கு அருகே கேட்கும். சிங்கோனிடின் சல்பேட்டுக்குச் சுமார் 100 பங்கு போதும். ஆகவே சிங்கோனிடின் நீரிலேயே தங்கிவிடும் என்றுதான் ஏட்டில் கணக்கு வரும். நடப்பில் இரண்டும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்து உட்காரும். சிங்கோனிடின் மிகுந்த பட்டையென்றால், பஞ்சுபோல வெள்ளையாக வருகிற முதல் படிகம் சுத்தக் குயினைன் அல்ல. மறுபடி கரைத்து, மறுபடி படியவிட்டு, இன்னொரு முறையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குயினைன் தாய்நீரோடு, அதாவது படிகம் போக மிஞ்சும் நீரோடு, போகும். இருப்பதே ஒன்றரைக் கிலோ. அதிலும் கழிவு.

இந்தப் பட்டையை லண்டனில் யாரும் வாங்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நீளக் குழலாகச் சுருண்ட சிவப்புப் பட்டைக்கு மருந்துக்கடைகளில் கிராக்கி இருந்தது. 1885 பிரிட்டிஷ் மருந்துநூல் டிங்சருக்கு (சாராயத்தில் ஊறவைத்த மருந்துக்கு) இந்தப் பட்டையையே ஏற்றது. ஆனால் அது சிறிய சந்தை. ஆலைக்காரருக்கு வேண்டியது குயினைன் சதவீதம்.

சென்னைச் சோதனையும் அதன் ஓட்டைகளும்

குயினைன் இல்லாத மீதி மூன்றும் சக்கைதானா? இதை அறிய 1866-ல் மூன்று மாகாணங்களிலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. நான்கு ஆல்கலாய்டின் சல்பேட்டுகளையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். சென்னைக் குழு கையாண்ட காய்ச்சல் நோயாளிகள் 2,472 பேர்: குயினைன் 846, குயினிடின் 664, சிங்கோனின் 559, சிங்கோனிடின் 403. ஆயிரத்துக்கு இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று அவர்கள் போட்ட கணக்கு: குயினிடின் 6, குயினைன் 7, சிங்கோனிடின் 10, சிங்கோனின் 23.

சக்கை என்று ஒதுக்கியது மருந்துக்கு அடுத்த படியில் நின்றது. பின்னாளைய ஆய்வகச் சோதனைகளும், ஒட்டுண்ணியைக் கொல்வதில் குயினிடின் குயினைனைவிட ஒருபடி மேல் என்றே காட்டின. இதயத் துடிப்பைக் குலைப்பதிலும் அது ஒருபடி மேல் என்பதால்தான் ஒதுக்கப்பட்டது.

ஆனாலும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சு மருத்துவர் லவெரான் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது 1880-ல். 1866-ல் ரத்தம் பார்க்கும் வழியில்லை. முறை வைத்து வரும் காய்ச்சல் என்றால் மலேரியா என்று முடிவு. அதில் தானாகத் தணியக்கூடியவை எத்தனை என்று பிரிக்க, மருந்தில்லாத குழுவும் இல்லை. ஆயிரத்துக்கு ஆறும் ஏழும் தோல்வி என்பது நம்ப முடியாத அளவுக்கு நல்ல கணக்கு. நான்குக்கும் இடையே உள்ள வரிசையை நம்பலாம், எண்களை அல்ல.

இந்த முடிவை வைத்து, சென்னை அரசின் குயினாலஜிஸ்டாக, அதாவது சிங்கோனா வேதியியலராக, வந்த ஜான் பிராட்டன், நீலகிரிப் பட்டையிலிருந்து மொத்த ஆல்கலாய்டையும் பிரிக்காமல் ஒன்றாக எடுத்து மலிவு மருந்தாகத் தர முயன்றார். அந்தச் சரக்குக்கு ஏற்ற யோசனை அதுதான் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் தயாரிப்புச் செலவு கட்டவில்லை. 1870-களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். அதே யோசனையை வங்காளத்தில் சி. எச். வுட் 1874 முதல் சிங்கோனா ஃபெப்ரிஃபியூஜ் (காய்ச்சல் தணிப்பான்) என்ற பொடியாக ஓடவைத்தார், அதுவும் அதே சிவப்புப் பட்டையிலிருந்து. 1892-ல் வங்காளத் தபால் நிலையங்களில் காலணாவுக்குக் குயினைன் பொட்டலம் விற்கத் தொடங்கினார்கள். நீலகிரியில் டேவிட் ஹூப்பர் குயினாலஜிஸ்டாக வந்த பிறகு, 1880-களின் இறுதியில்தான் நடுவட்டத்தில் ஆலை ஓடியது. அதற்குள் சந்தை விழுந்துவிட்டது.

விழவைத்ததில் இலங்கைக்கும் பங்குண்டு. காப்பி இலைத்துரு நோயில் அழிந்ததும் துரைமார் கையில் கிடைத்த சிங்கோனாவை நட்டார்கள், பெரும்பாலும் எளிதில் வளரும் சிவப்புப் பட்டையை. கடன் நெருக்கியதும் ஒரே சமயத்தில் உரித்து விற்றார்கள். 1880-களின் நடுவில் அங்கிருந்து ஆண்டுக்குக் கோடி பவுண்டுக்கு மேல் பட்டை ஏற்றுமதியானது. விலை பாதாளத்துக்குப் போனது. குறைந்த விலையிலும் தாக்குப்பிடித்தது சதவீதம் மிகுந்த ஜாவாப் பட்டை மட்டுமே.

1930-களில் உலகநாடுகள் சங்கத்தின் மலேரியாக் குழு, டோட்டாகுவினா என்ற கலவை மருந்துக்குத் தரம் வகுத்தது: படிகமாகும் ஆல்கலாய்டுகள் குறைந்தது 70 சதவீதம், குயினைன் குறைந்தது 15 சதவீதம். பிராட்டன் கைவிட்ட கலவைக்கு அறுபதாண்டு கழித்துக் கிடைத்த அங்கீகாரம். 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் இந்தியத் தோட்டங்களுக்கு மறுபடி மவுசு வந்தது. போருக்குப் பின் குளோரோகுயின் என்ற செயற்கை மருந்து வந்து அதையும் முடித்தது.

இன்று குயினைன் இருக்கும் இடம்

மலேரியா ஒட்டுண்ணிகளில் கொடியதான ஃபால்சிபாரம் குளோரோகுயினை எதிர்க்கத் தொடங்கியபோது குயினைன் மருத்துவமனைக்குத் திரும்பியது. கடுமையான மலேரியாவில் இப்போது முதலிடம் மற்றொரு செடியின் மருந்துக்கு. சீனத்து ஆர்ட்டிமிசியா இலையிலிருந்து வரும் ஆர்ட்டிசுனேட். இந்தியா உள்ளிட்ட நான்கு ஆசிய நாடுகளில் 1,461 பேரிடம் நடந்து 2005-ல் வெளியான ஒப்பீட்டில், குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதமும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதமும் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் கிடைக்காத இடத்தில் குயினைன் இன்னும் உயிர் காக்கும் மருந்தே.

ஊசி வழி என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. குயினைன் உப்பு முதல் தவணை, நான்கு மணி நேரம் சொட்டாக. பிறகு எட்டு மணிக்கொருமுறை 10 மி.கி. ரத்தக்குழாயில் ஒரேயடியாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். கணையத்தைத் தூண்டி ரத்தச் சர்க்கரையை இறக்கும். கர்ப்பிணிகளிடம் இது அதிகம். மயங்கிக் கிடப்பவரின் மயக்கத்தை மூளை மலேரியா என்று விட்டுவிடாமல் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். காதில் இரைச்சல், குமட்டல், தலைசுற்றல் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். அதனால்தான் ஏழு நாள் மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், காய்ச்சலும் திரும்ப வருகிறது.

மாத்திரை மாற்றிக் கொடுக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நேரும். அட்டையில் 300 மி.கி. என்றிருப்பது உப்பின் எடை. குயினைன் சல்பேட் 300 மி.கி. மாத்திரையில் குயினைன் சுமார் 248 மி.கி.; குயினைனின் மற்றோர் உப்பான பைசல்பேட் 300 மி.கி. மாத்திரையில் சுமார் 177 மி.கி. மட்டுமே. சல்பேட்டுக்கு எழுதிய சீட்டுக்குப் பைசல்பேட்டை அதே எண்ணிக்கையில் கொடுத்தால், நோயாளிக்கு ஒவ்வொரு வேளையும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே மருந்து குறையும்.